காலில் ஊற்றிய மஞ்சள் தண்ணீர்

எங்கள் ஊர் ஒயிலாட்ட வரிசையில் இருபத்திரண்டு வருஷம் எனக்கு ஜோடியாக ஆடியவனை வரிசையை விட்டு நிறுத்தியது நான்தான். கோயில் கமிட்டி சொல்லிவிட்டது என்று அவனிடம் சொன்னேன். கமிட்டி ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்குப் பந்தல்காரரோடு சண்டை போடவே பொழுது போதவில்லை.

எங்கள் ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, செக்போஸ்ட்டுக்குக் கேரளப் பக்கம். பஞ்சாயத்துக் கடிதம் மலையாளத்தில் வரும், மாரியம்மன் நோட்டீஸைத் தமிழில் அடிப்போம். சித்திரையில் கோயில் முன்னால் மூன்று கிளையுள்ள கம்பத்தை நட்டதும், ஆடுகிற பன்னிரண்டு பேருக்கும் காப்புக் கட்டுவார்கள். அப்புறம் பதினைந்து நாள் கறி கிடையாது, செருப்பு கிடையாது, வெளியூரில் தங்கவும் கூடாது. கடைசி நாள் மஞ்சள் நீராட்டு. அன்று காலையில் கைக்குட்டையும் சலங்கையுமாக ஆறு ஜோடியும் கிளம்பி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஓர் ஆட்டம் ஆட வேண்டும். ஒரு வீட்டையும் விடக் கூடாது. ஆடி முடித்ததும் அந்த வீட்டுக்காரர் குடத்து மஞ்சள் தண்ணீரை ஒவ்வொருவர் காலிலும் ஊற்றித் தொட்டுக் கும்பிடுவார். வயசு வித்தியாசம் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் ஆடுகிற கால் அம்மனுடைய கால்.

அதாவது, ஆடுகிறவன் அன்றைக்கு யார் காலிலும் குனிய வேண்டியதில்லை. ஆடாதவன் தன் வாசலில் குனிந்தே ஆக வேண்டும். அவனை நிறுத்தும்போது இது என் மண்டையில் ஏறவே இல்லை.

அவன் எனக்குத் தூரத்து உறவு, ஒரே வயசு. ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு மாடு வைத்திருக்கிறான். மூன்று வருஷம் முன்பு சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகும்போது பைக் சறுக்கி இடது கால் முறிந்து, உள்ளே கம்பி வைத்தார்கள். அதற்குப் பிறகும் ஆடினான். இடது கால் மட்டும் அரைத் தாளம் தாமதமாக விழும். வாசல் புழுதியில் யாருக்கும் அது தெரியாது, ஆனால் செல்போனில் தெரிந்துவிடும்.

போன வருஷ வீடியோவை யாரோ ஊர் வாட்ஸப் குரூப்பில் போட, இன்னொருவர் கீழே, "ரெண்டாவது ஆளுக்கு சார்ஜ் எறங்கிருச்சா?" என்று எழுதினார். நான் சிரிக்கிற பொம்மையைப் போட்டேன். அவனும் அதே குரூப்பில் இருக்கிறான்.

வரிசையில் முதலில் நிற்பவன் நான். வீடியோ பார்க்கிறவர் கண்ணெல்லாம் என்னை விட்டு அந்தக் காலுக்குப் போகிறதே என்ற எரிச்சல் எனக்கு. வேறு ஒரு காரணமும் இல்லை. ஐம்பதை நெருங்குகிற ஆளுக்கு இப்படி ஒரு ஆசை. எழுதும்போதே கூசுகிறது.

இந்த வருஷம் ஒத்திகை தொடங்கும் முன் அவனைச் சொசைட்டியில் பிடித்தேன்.

"மாப்ள, இந்தத் தடவ ஆள மாத்தலாம்னு கமிட்டில சொல்லீட்டாங்க. உன்ற காலுக்கும் ஓய்வாச்சு."

அவன் கேனை மூடிக்கொண்டே கேட்டான். "நீ என்ன சொன்ன?"

"நா என்ன சொல்றது? எல்லாருஞ் சேந்து சொல்றாங்க."

"கொழப்பமில்ல, பரவால்ல மாப்ள. நா ஊட்டுலயே விரதம் இருந்துக்கறேன்."

அவன் இடத்துக்கு என் மைத்துனனைக் கொண்டுவந்தேன். கோயமுத்தூரில் வேலை, விரதத்துக்காக லீவு போட்டு வந்தான். வாட்டசாட்டமான உடம்பு, வீடியோ பார்த்தே ஆடக் கற்றுக்கொண்டவன். அவன் கடையில் வாங்கி வந்த சலங்கை கிலுகிலுப்பை மாதிரி சத்தம் போட்டது. உடனே போனை எடுத்து என் ஜோடியிடமே, உன் சலங்கையைக் கொடு என்று கேட்டேன். அந்த வெட்கங்கெட்ட வேலையையும் செய்தேன். மறுநாளே மஞ்சப் பையில் வந்து சேர்ந்தது. மணிகளைப் புளி போட்டு விளக்கி, கயிற்றைப் புதிதாக மாற்றியிருந்தான்.

மஞ்சள் நீராட்டு அன்று முதல் வாசலிலேயே எனக்கு ஏதோ பிசகியது. நாலாவது சுற்றில் வரிசை மொத்தமும் சட்டென்று திரும்பி, வால் தலையாக வேண்டும். நான் திரும்பினால்தான் மற்றவர்கள் திரும்புவார்கள். ஒத்திகையில் உருமிக்காரர் வாயால் எண்ணிச் சொன்னதால் தப்பித்தேன். அன்றைக்கு வேட்டுச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு வாசலிலும் தாமதமாகத் திரும்பி, பல்லைக் காட்டிச் சமாளித்தேன். உருமிக்காரர் மேல் வேறு எரிந்து விழுந்தேன், பாவம்.

ஆறாவது வீடு அவனுடையது. வாசலில் குடத்தோடு நின்றான். பக்கத்தில் அவன் மனைவி கற்பூரத் தட்டோடு நின்றாள். எங்கள் யார் முகத்தையும் அவள் பார்க்கவில்லை. ஆட்டம் ஆரம்பித்தது. நாலாவது சுற்று வந்தது, போனது, நான் திரும்பவே இல்லை. பின்னால் பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள், பாதிப் பேர் என்னைப் பார்த்து நின்றார்கள். கைக்குட்டைகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டன. என் மைத்துனன் என் மேலேயே வந்து மோதினான்.

அப்போது வாசல்படியிலிருந்து "ஹெக்" என்று ஒரு சத்தம், தொண்டைக்குள்ளிருந்து. நான் நினைப்பதற்குள் என் உடம்பு திரும்பிவிட்டது. வரிசையும் திரும்பியது.

இருபத்திரண்டு வருஷமாகப் பக்கத்தில் கேட்ட சத்தம்தான். அவனுக்கு மூச்சு வாங்குகிறது என்று நினைத்திருந்தேன். விக்கல் ஆட்டம் என்று பல தடவை கேலியும் செய்திருக்கிறேன். அந்தச் சத்தத்தில்தான் நான் திரும்பிக்கொண்டிருந்தேன் என்பது அந்த வாசலில்தான் தெரிந்தது. இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு மிச்சச் சுற்றுகளுக்கும் அவனே சத்தம் கொடுத்தான்.

ஆட்டம் முடிந்து அவன் குடத்தோடு இறங்கி வந்தான். கம்பி வைத்த கால் முழுசாக மடங்காது. அதை ஒரு பக்கமாக நீட்டிவிட்டு, மற்ற முழங்காலைத் தரையில் ஊன்றி என் காலில் தண்ணீர் ஊற்றினான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதன் பின்னால் ஒளிந்துகொண்டு காலைக் காட்டிக்கொண்டு நின்றேன். என் பாதத்தைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான். அப்படியே நகர்ந்து என் மைத்துனன் காலுக்குப் போனான். சலங்கைக் கயிறு தளர்ந்திருந்தது. அதை அவிழ்த்து, இறுக்கிக் கட்டிவிட்டு, அந்தக் காலிலும் தண்ணீர் ஊற்றினான். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

பன்னிரண்டு பேருக்கும் ஊற்றி முடித்து, எழுந்து என் பக்கத்தில் வந்தான்.

"மாப்ள, மிச்ச ஊட்டுக்கெல்லாம் கூட வந்து சத்தம் மட்டும் குடுக்கட்டா? கமிட்டில ஏதாச்சும் சொல்லுவாங்களா?"

கமிட்டித் தலைவர் பத்தடி தூரத்தில் மோர் குடித்துக்கொண்டிருந்தார். அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"சொல்ல மாட்டாங்க, வா" என்றேன்.

வெறும் காலோடு, வெயிலில், காலை இழுத்துக்கொண்டு கடைசி வீடு வரைக்கும் வந்தான். எல்லா வாசலிலும் நான் சரியாகத் திரும்பினேன். வீடியோ இந்தத் தடவை பிரமாதம் என்று அன்று சாயங்காலமே குரூப்பில் எழுதினார்கள். அதில் அவன் எங்கேயும் தெரியவில்லை. கீழே வரிசையாகக் கைதட்டுகிற பொம்மைகள். முதல் பொம்மை அவன் போட்டது.