பத்திரத்தில் ஒரு சொல்லைத் திருத்திய மரகதம் அம்மையார்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை சுரங்க அலுவலகத்தில் மண் மாதிரிப் பைகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். மேசை மேலிருந்த டெலிபோன் அடித்தது. நகரிய எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு பெண் பேசினார்.

"மேடம், மரகதம் அம்மா போயிட்டாங்க. காலைல எட்டரைக்கு. தூக்கத்துலயே போயிட்டாங்க."

எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, நிம்மதி. இதை எழுத நான் வெட்கப்படவில்லை. வயிற்றில் வந்த கட்டியோடு ஏழு மாதம் போராடியவர் அவர். கடைசி இரண்டு மாதங்களில் தொடர்ந்து ஒரு மணி நேரம் தூங்கினார் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அப்படிப்பட்டவர் தூக்கத்தில் போனார் என்றால், அவரை நேசித்தவர்களுக்கு அதைவிட நல்ல செய்தி மிச்சமில்லை. அழுகை மாலையில்தான் வந்தது.

திருமதி மரகதம் சிவசங்கரன் அவர்களை நெய்வேலியில் முகம் பார்த்து அறிந்தவர்கள் குறைவு. ஆனால் டெலிபோனைக் கையில் எடுத்த அத்தனை பேரும் அவரை அறிவார்கள். "நம்பர் சொல்லுங்க" என்று கேட்கும் அந்த நிதானமான குரல் அவருடையது. அவருடைய கணவர் சிவசங்கரன் நிலவியலாளர். பழுப்பு நிலக்கரி இன்னும் வெளியே தெரியாத காலத்தில், தோண்டத் தோண்ட ஊற்றெடுத்த தண்ணீரை எப்படி அடக்குவது என்று ஆராய வந்தவர்களில் ஒருவர். கும்பகோணத்திலிருந்து மனைவியோடு வந்தார். கரி வெளிப்பட்டதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன் விஷக் காய்ச்சலில் இறந்துபோனார். குழந்தைகள் இல்லை. உறவினர்கள் ஊருக்கு அழைத்தார்கள். மரகதம் அம்மையார் போகவில்லை. எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்தார். கணவரின் இன்ஷூரன்ஸ் தொகை வந்ததும் பத்திரம் எழுதி அதை அப்படியே ஒரு நிதியாக்கினார். பல்கலைக்கழகத்தில் நிலவியல் படிக்கும் தொழிலாளி வீட்டுப் பிள்ளை ஒருவருக்குப் படிப்பு முடியும்வரை உதவித்தொகை. கணவரோடு வேலை பார்த்த இரண்டு அதிகாரிகளைச் சேர்த்து மூன்று பேர் கொண்ட குழு ஒன்றையும் அமைத்தார்.

இப்போது நான் பிள்ளை என்று எழுதுகிறேன். அன்றைய பத்திரத்தில் இருந்த சொல் 'மகன்'.

என் தந்தை சாமிக்கண்ணு, சுரங்கத்துக்காக எடுக்கப்பட்ட ஓர் ஊரிலிருந்து வந்தவர். எடுக்கப்பட்ட நிலத்தில் எங்களுக்கென்று ஒரு குழி அளவு இடம் கூடக் கிடையாது. அந்த நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள் நாங்கள். ஆகவே நஷ்டஈடு எங்கள் பக்கம் வரவில்லை. அப்பா கான்ட்ராக்டில் மண் வெட்டி, பிறகு பெர்மனன்ட் ஆனார். கேன்டீன் பலகையில் ஒட்டியிருந்த உதவித்தொகை அறிவிப்பை யாரோ படித்துச் சொல்ல, அதை மனப்பாடம் செய்துகொண்டு வந்து என்னிடம் ஒப்பித்தார். நான் அப்போது புகுமுக வகுப்பு முடித்திருந்தேன். மதிப்பெண்கள் நன்றாகவே இருந்தன. மேலே படிக்க வழி இல்லை.

"மகன்னு போட்டிருக்காங்களே அப்பா" என்றேன்.

அப்பா சற்று யோசித்தார். "உன் பேரை எழுது. மார்க்கை எழுது. கேக்காததை நாம ஏன் சொல்லிக்கினு இருக்கணும்? கேட்டா அப்ப சொல்லிக்கலாம்."

என் பெயர் ராஜாமணி. ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். விண்ணப்பத்தில் ஆணா பெண்ணா என்று கேட்கும் கட்டம் இல்லை. மகனுக்கு மட்டும் என்று எழுதிய தாளில் அந்தக் கட்டத்துக்கு வேலை ஏது? நேர்முகத் தேர்வும் கிடையாது. மதிப்பெண்ணை மட்டும் பார்க்க வேண்டும் என்பது மரகதம் அம்மையாரின் பிடிவாதம். இரண்டு வாரத்தில் 'திரு. சா. ராஜாமணி' என்று முகவரியிட்ட கடிதம் வந்தது. நான் தேர்வாகியிருந்தேன். வீட்டில் அன்று எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு முள் இருந்தது.

மாதாமாதம் பணவிடையோடு அவருடைய கடிதமும் என் துறையின் முகவரிக்கு வரும். 'அன்புள்ள தம்பி ராஜாமணிக்கு' என்று தொடங்கும். 'பட்டினியாக வகுப்புக்குப் போகாதே. சிகரெட் பிடிக்கிறவர்களோடு சேராதே. மாதம் ஒரு தரம் முடி வெட்டிக்கொள், பரீட்சை நேரத்தில் பையன்கள் அதை மறந்துவிடுகிறார்கள்' என்று ஒரு முறை எழுதியிருந்தார். அதைப் படித்தபோது என் பின்னல் இடுப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அறிவுரை மட்டும் என்றால் நான் அவ்வளவு வருந்தியிருக்க மாட்டேன். அவர் கேள்விகளும் கேட்டார். 'அவர் வீட்டுக்கு வந்தால் நீர்தாங்கி மணல், நீர்தாங்கி மணல் என்றே பேசுவார். நான் ரசம் ஆறிப்போகிறது என்பேன். அது என்ன என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. நீ படித்திருந்தால் எனக்குப் புரியும்படி எழுது.' நான் நான்கு பக்கம் எழுதினேன். கரிப் படுகைக்குக் கீழே மணல் இருக்கிறது, அதில் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது, மேலே உள்ள மண்ணை எடுத்தால் பாரம் குறைந்து அந்தத் தண்ணீர் கரியைப் பிளந்துகொண்டு மேலே வரும், அதனால்தான் இரவும் பகலும் பம்புகள் ஓடுகின்றன என்று படம் போட்டு விளக்கினேன். அடுத்த கடிதத்தில் ஒரு வரி இருந்தது. 'இத்தனை வருடம் கழித்து அவர் என்ன வேலை பார்த்தார் என்று தெரிந்துகொண்டேன்.'

தமிழில் 'நான்' என்று எழுதினால் எழுதுவது ஆணா பெண்ணா என்று தெரியாது. படித்தேன், போனேன், தேறினேன் என்று எழுதிக்கொண்டே போகலாம். அந்தச் சொற்களுக்குப் பின்னால் நான் ஓராண்டுக்கு மேல் ஒளிந்திருந்தேன். ஒரு பொய் கூட எழுதவில்லை. ஆனால் அஞ்சல் வரும் நாளெல்லாம் உறையைப் பிரிக்காமல் வெகு நேரம் வைத்திருப்பேன்.

இரண்டாம் ஆண்டில் எங்களை அரியலூர்ப் பக்கம் பாறைகளைப் பார்க்க அழைத்துப்போவதாக இருந்தார்கள். அதைக் கடிதத்தில் எழுதினேன். பத்து நாளில் துறைக்கு ஒரு பார்சல் வந்தது. விடுதி அறையில் பிரித்தேன். இரண்டு காக்கிக் கால்சட்டைகள். நன்றாகத் துவைத்து, இஸ்திரி போட்டு, நடுவில் வேப்பிலை வைத்து மடித்திருந்தன. 'இவை அவர் களத்துக்குப் போட்டுப்போனவை. இடுப்பு பெரிதாக இருந்தால் தையல்காரரிடம் கொடு. யாருக்கும் கொடுக்க மனம் வராமல் வைத்திருந்தேன். உனக்குக் கொடுக்க மனம் வந்தது.'

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. ஒரு மனிதர் தம் துக்கத்தை மடித்து என் கையில் கொடுத்திருக்கிறார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை பார்சலோடு சேத்தியாத்தோப்பு வழியாக நெய்வேலிக்கு பஸ் ஏறினேன். வீட்டுக்குப் போவதற்கு முன் கடைத்தெரு மருந்துக்கடையில் கேட்டு டெலிபோனைக் கையில் எடுத்தேன்.

"நம்பர் சொல்லுங்க."

"நம்பர் வேண்டாங்க. உங்ககிட்டதான் பேசணும். நான் ராஜாமணி பேசறேன்."

"எந்த ராஜாமணி?"

"ஜியாலஜி படிக்கிற ராஜாமணி."

அவர் மேலே கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை. "நான் பொண்ணுங்க. மகன்னு போட்டிருந்தது தெரிஞ்சும் எழுதினேன். கால்சட்டைய வாங்கிக்க மனசு வரலைங்க" என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

"வேற லைன் காத்திட்டிருக்கு" என்றார் அவர். இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

பார்சலை எக்ஸ்சேஞ்ச் வாசலில் இருந்த காவலரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். அப்பாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "சொல்லிட்ட இல்ல, விடு. நானும் ஒரு வருசமா சரியா தூங்கல" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு மூன்று மாதம் கடிதம் வரவில்லை. பணம் மட்டும் வந்தது. அடுத்த மாதம் அதுவும் நின்றுவிடும் என்று ஒவ்வொரு மாதமும் எதிர்பார்த்தேன். படிப்பை விட்டுவிட்டு எந்த வேலைக்கு எழுதிப்போடலாம் என்று தோழியிடம் விசாரித்தும் வைத்திருந்தேன்.

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆறாவது பிளாக்கில் இருந்த எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் சைக்கிள் ரிக்‌ஷா வந்து நின்றது. ஒல்லியான, கண்ணாடி அணிந்த ஒரு பெண்மணி இறங்கினார். வாய் திறந்து "சாமிக்கண்ணு வீடுங்களா?" என்று கேட்டதும் யார் என்று தெரிந்துவிட்டது.

அப்பா பதறிப்போனார். "உள்ள வாங்க. வூடு அப்படி இப்படி கெடக்குது." நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "தண்ணி... குடிப்பீங்களாங்க?"

"தாகமா இருக்கு. பெரிய டம்ளர்லயே குடுங்க" என்றார் அவர். முழுவதையும் குடித்து முடித்த பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"கோபம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஒரு வருஷமா நான் யாருக்கு எழுதினேன்னு எனக்கே தெரியலை."

நான் காலி டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

"உனக்கு அடுத்த மார்க் வாங்கின பையன் ஒருத்தன் இருந்தான். தெரியுமா?"

"தெரியாதுங்க." ஆனால் அப்படி ஒருவன் இருப்பான் என்பது எனக்குத் தெரியும். அந்த முள் அதுதான்.

"அவனைத் தேடித்தான் இத்தனை நாள் ஆச்சு. குடும்பம் மேல்பட்டாம்பாக்கத்துக்குப் போயிருந்தது. போய்ப் பார்த்தேன். அவனுக்கு என்ஜினீயரிங்ல இடம் கிடைச்சு, அரசாங்க உதவியோட படிக்கிறான். இதைக் குடுத்திருந்தாலும் வேண்டாம்னு எழுதியிருப்பேன்னு அவனே சொன்னான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவன் படிப்பு உன்னால நின்னிருந்தா நான் இங்க வந்திருக்க மாட்டேன், ராஜாமணி."

அந்த நிமிடம் எனக்குள் ஏதோ இறங்கியது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். பயத்தில் அழுத அழுகை அல்ல அது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

மரகதம் அம்மையார் பையிலிருந்து கால்சட்டைகளை எடுத்தார். "இடுப்பைப் பிடிச்சுத் தச்சிருக்கேன். அளவு தெரியாம தச்சது. போட்டுப் பாரு."

"நான் எப்படிங்க இதை..."

"பாறை மேல ஏறுறது நீதானே?"

அரியலூர்ப் பயணம் அதற்குள் முடிந்துவிட்டது. அந்த ஆண்டு சேலத்துக் குன்றுகளில் அதைப் போட்டுக்கொண்டுதான் ஏறினேன். பேராசிரியர் ஒரு முறை பார்த்தார். பிறகு பாறையைப் பார்க்கச் சொன்னார்.

குழுவில் இருந்த இரண்டு அதிகாரிகளும் இதை எளிதில் ஏற்கவில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பத்திரத்தில் மகன் என்று இருக்கிறதே என்று ஒருவர் சொன்னாராம். "எழுதச் சொன்னது நான்தானே சார். ஒரு பொண்ணு இந்தப் படிப்புக்கு வருவாள்னு எனக்குத் தோணலை. தோணாதது என் குறை" என்று பதில் சொல்லியிருக்கிறார். அந்த வாரமே 'மகன்' என்பதை அடித்து, 'பிள்ளை' என்று எழுதி, மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். இனிமேலாவது ஆளை நேரில் கூப்பிட்டுப் பார்ப்போம் என்று மற்றவர் சொன்னபோதும் அவர் ஒப்பவில்லை. "மார்க்கைப் பார்த்ததாலதான் இந்தப் பொண்ணு வந்தா. ஆளைப் பார்த்திருந்தா வாசல்லயே திருப்பி அனுப்பியிருப்போம்" என்றாராம்.

அதற்குப் பிறகு வந்த கடிதங்கள் 'ராஜாமணிக்கு' என்றே தொடங்கின. தம்பியும் இல்லை, தங்கையும் இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. நான்தான் கொஞ்சம் கொஞ்சமாக அவரை அக்கா என்று அழைக்கத் தொடங்கினேன். முதுகலை முடித்து இங்கேயே வேலைக்கு வந்தபோது, என் முதல் நாள் சுரங்கத்துக்கு அவரையும் அழைத்துப்போனேன். கரி வெட்டும் இடத்தை மேலேயிருந்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணியே காணோமே" என்றார். பம்புகளைக் காட்டினேன். "அதான் அவர் வேலை" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

எளிதில் பழகக்கூடியவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். கடிதத்தில் எழுத்துப்பிழை இருந்தால் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்புவார். நன்றி என்று யாராவது இழுத்துப் பேசினால் எழுந்து உள்ளே போய்விடுவார். எனக்குப் பின் அந்த உதவியில் படித்தவர்கள் நான்கு பேர். அவர்களில் இருவர் பெண்கள். நால்வருக்குமே அவரிடம் அன்பும் உண்டு, கொஞ்சம் பயமும் உண்டு.

இரண்டு வாரத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தேன். கை குச்சியாக இருந்தது. குரல் மட்டும் மாறவில்லை.

"நான் இல்லாட்டியும் இது நடக்குமா?" என்று கேட்டார். எதைக் கேட்கிறார் என்று சொல்லத் தேவையில்லை.

"நடக்கும் அக்கா. நாங்க அஞ்சு பேரும் எழுதிக் குடுத்துட்டோம். எங்க சம்பளத்திலேர்ந்து வருஷா வருஷம் சேரும். குழுவுல உங்க இடத்துல என்னை உக்காரச் சொல்லியிருக்காங்க."

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"அப்ப சரி" என்றார். "கொஞ்சம் திரும்பிப் படுக்கிறேன்." நானும் நர்சும் சேர்ந்து அவரைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுக்கவைத்தோம். அன்று அவர் சற்று நேரம் தூங்கியதாக நர்ஸ் பிறகு சொன்னார்.

செவ்வாய் மாலை அவருடைய அண்ணன் மகன் கொள்ளிச்சட்டி ஏந்தி முன்னால் நடந்தார். எங்கள் வழக்கப்படி பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டோம். முந்திரி பூத்திருந்த காலம். செம்மண் சாலையில் ஊர்வலம் மெல்ல நகர்ந்தது. அப்போது ஷிப்ட்டுக்கு ஆட்களை ஏற்றிய பஸ் எதிரே வந்தது. டிரைவர் ஓரம் கட்டி என்ஜினை நிறுத்தினார். ஜன்னல் ஓரத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். கடைசி ஆள் கடந்து போகும்வரை ஒருவரும் உட்காரவில்லை. பிறகு பஸ் கிளம்பிச் சுரங்கத்துப் பக்கம் போயிற்று. அது கிளப்பிய புழுதி அடங்கியபோது ஊர்வலம் மரங்களுக்கு அப்பால் திரும்பியிருந்தது.

போய் வாருங்கள், அக்கா. நிம்மதியாகத் தூங்குங்கள்.