ஆறு பேருக்கு ஒரு தொண்டை

பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்ததும் குரலக்காவின் உதடுகள் அசையத் தொடங்கிவிடும். வெளியே ஓடுகிற கடைப் பலகைகளை ஒன்று விடாமல் தலைநகர மொழியில் படித்து, அடுத்த மூச்சில் தம் மாநில மொழிக்கு மாற்றிச் சொல்லிக்கொண்டே வருவார். பழைய மின்விசிறிகள் வாங்கப்படும். பல் பிடுங்க மேல்மாடிக்கு வரவும். இங்கே வண்டியை நிறுத்தாதீர். பக்கத்தில் இருப்பவர் முதலில் ஓரக்கண்ணால் பார்ப்பார், பிறகு கைப்பையை மடிக்கு இழுத்துக்கொள்வார், அடுத்த நிறுத்தத்தில் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விடுவார். அக்காவுக்கு அதில் வருத்தம் கிடையாது. "போனா போகட்டும், காலை நீட்டிக்கலாம்" என்பார்.

குரலக்கா என்பது வீட்டில் வைத்த பெயரில்லை. நாடாளுமன்ற வாசலில் பை சோதிக்கிற காவலர்கள் வைத்தது. அவைக் கூடத்தில், பார்வையாளர் மாடத்துக்கும் மேலே, மொழிக்கு ஒன்றாகக் கண்ணாடி அறைகள் வரிசையாக இருக்கின்றன. கோடியில் இருப்பது அக்காவுடையது. மற்ற அறைகளில் இரண்டு மூன்று பேர் மாற்றி மாற்றிப் பேசுவார்கள். அக்காவின் மாநிலம் சின்னது, உறுப்பினர்கள் ஆறே பேர், அவர்களும் வாய் திறப்பது அபூர்வம், இதற்கு ஒரு ஆள் போதும் என்று யாரோ என்றைக்கோ முடிவு கட்டிவிட்டார்கள். அந்த ஆறு பேரில் ஒருவர் எழுந்து தம் மொழியில் பேசினால், அவையில் மற்ற எல்லோர் காதிலும் விழுவது அக்காவின் குரல். மற்றவர்கள் பேசுவதை இந்த ஆறு பேர் காதில் போடுவதும் அவர்தான். அதனால் குளிர்காலம் வந்துவிட்டால் ஆறு பேரும் தொகுதி நிலவரத்தை மறந்துவிட்டு அக்காவின் தொண்டை நிலவரத்தை விசாரிப்பார்கள். "ஐஸ் தண்ணி பக்கம் போயிடாதீங்கம்மா, எங்களுக்கு வேற யாரு இருக்கா" என்று ஒரு மூத்த உறுப்பினர் உணவகத்தில் எல்லார் எதிரிலும் கெஞ்சியிருக்கிறார்.

அறைக்குள் நுழைந்ததும் வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துவைப்பார். மைக் எதையும் விடாது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நாற்காலிக் கம்பியில் கோத்துக்கொள்வார். கீழே உறுப்பினர் விரலை ஆட்டினால் மேலே அக்காவின் விரலும் ஆடும். அவர் மேசையைத் தட்டினால் இவர் தம் தொடையைத் தட்டிக்கொள்வார். கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு, யாரோ ஒரு அம்மாள் சுவரோடு சண்டை போடுகிற மாதிரி இருக்கும்.

அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. யார் பேசினாலும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'உறுப்பினர் சொல்கிறார்' என்று ஆரம்பிக்கக் கூடாது. ஆகவே அக்கா, நான் நாற்பது வருடம் பயிர் வைத்தவன் என்று சொல்லியிருக்கிறார். நான் சிறையில் இருந்தபோது என்றும், என் மனைவி போன பிறகு என்றும் சொல்லியிருக்கிறார். அக்காவின் கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். சாயங்காலம் கையிலிருக்கும் கிரீஸை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே கேட்பார்:

"இன்னிக்கு நீ யாரு?"

"காலையில தண்ணி வரியைப் பத்திக் கோவமா இருந்தேன். மத்தியானம் அமைச்சருக்கு ஜால்ரா போட்டேன்."

"எனக்கு எப்ப ஜால்ரா போடப் போற?"

"நீங்க எங்க எனக்குப் பேச நேரம் ஒதுக்குறீங்க."

சிரிப்பும் கேலியுமாகப் போகிற வீடுதான். ஆனால் மாநிலத்தின் பழைய கதையை எடுத்தால் அக்காவுக்கு முகம் மாறிவிடும். வேலைக்குத் தேர்வு எழுதிய காலத்தில், பயிற்சிக்கென்று பழைய ஒலிப்பதிவுகளை எல்லாம் கேட்டவர். அந்த மாநிலம் நாட்டோடு சேர்ந்தபோது அதற்கு எட்டு இடம் கொடுத்தார்கள். முதல் தடவை ஜெயித்து வந்த எட்டுப் பேரில் ஒரே ஒருவருக்குத்தான் தலைநகர மொழி தெரியும். அவர் பேச எழுந்தால் மற்ற ஏழு பேரும் தலையாட்டுவார்கள், எதற்கு என்று தெரியாமலே. "ஒருத்தர் பேசுறதுக்கு ஏழு பேர் துணைக்குப் போனாங்க" என்று ஊரில் கேலி செய்தார்களாம். அந்த ஏழு பேரில் ஒருவர் மூன்று முறை ஜெயித்தார், பதவிப் பிரமாணத்தைத் தவிர வேறெதுவும் அந்தக் கூடத்தில் பேசியதில்லை. ஊருக்குப் போனால் சந்தையில் நின்று வெளுத்து வாங்குவாராம். ரயில் ஏறினால் வாய் கட்டிவிடும்.

பிறகு ஒரு பெண் உறுப்பினர் வந்தார், அந்த மாநிலத்துக்கு முதல் பெண். பள்ளிக்கூடம் நடத்தியவர். ஒரு பிற்பகல் எழுந்து, யாரிடமும் அனுமதி கேட்காமல், தம் மொழியிலேயே பேச ஆரம்பித்தார். அவைத்தலைவர் மணி அடித்தார். அவர் நிறுத்தவில்லை. சுற்றிலும் சிரித்தார்கள், இருமினார்கள், எழுந்து வெளியே போனார்கள். அந்த அம்மாள் மூச்சு வாங்கி வாங்கிப் பேசி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அன்றைய அவைக்குறிப்பில் ஒற்றை வரி இருக்கிறது: உறுப்பினர் வேறு மொழியில் பேசினார், பதிவு செய்யப்படவில்லை. அந்த வரி செய்தித்தாளில் வந்ததும் மாநிலமே கொதித்துப்போனது. கடைகளை அடைத்தார்கள், ரயிலை மறித்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டுதான் கோடியில் இந்தக் கண்ணாடி அறை வந்தது. "அந்த அம்மா அன்னிக்குப் பேசினதுல ஒரு வார்த்தைகூட இன்னிக்கு வரைக்கும் எந்தப் பதிவுலயும் இல்ல" என்பார் அக்கா. சொல்லும்போதே கண் கலங்கிவிடும். அதை அவர் மறைப்பதும் இல்லை.

வாய் கிடைத்த பிறகு ஆள் குறைந்தது. தலை எண்ணித்தானே நாற்காலி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு தடவை வரும்போதும் அந்த மாநிலத்தில் பூட்டிய வீடுகள் கூடிக்கொண்டே போயின. பிழைப்புத் தேடித் தலைநகருக்கும் துறைமுக ஊர்களுக்கும் போனவர்கள் அங்கங்கேயே எண்ணப்பட்டார்கள். எட்டு இடம் ஆறானது. இந்த வருடம் ஆறு ஐந்தாகிறது. போகிற இடம் மலைத்தொகுதி. கீழே இருக்கிற சமவெளித் தொகுதியோடு அதைச் சேர்த்துவிட மசோதா வந்துவிட்டது.

அக்கா பிறந்து வளர்ந்தது மலைத்தொகுதியில். கணக்கெடுப்பவர் போன தடவை வந்து கதவைத் தட்டியது தலைநகரில், இந்தப் பணிமனைக் குடியிருப்பில். பிள்ளைகள் இருவரையும் சேர்த்து நான்கு தலை என்று எழுதிக்கொண்டு போனார். மசோதா செய்தி வந்த அன்று கணவர் வழக்கம்போல வம்புக்கு இழுத்தார்: "உங்க சீட்டைத் தூக்கினது யாரு தெரியுமா? நீயும் நானும்தான்." அக்கா சிரிக்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். மாநிலத்துக்காகத் தொண்டை கிழியக் கத்துகிற தாமே அந்த மாநிலத்தில் ஒரு தலை குறையக் காரணம் என்பது அவருக்கு அவமானமாக இருந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது என்றும் தெரியவில்லை.

மலைத்தொகுதியின் உறுப்பினர் ஒரு கால்நடை மருத்துவர். அவையில் எல்லோருக்கும் அவர் மாட்டு டாக்டர்தான். கூச்ச சுபாவம். சினை பிடிக்காத பசுவைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். மைக்கைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஜெயித்து வந்த நாளிலிருந்து ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. தம் தொகுதியை எடுக்கிற மசோதாவில் அவருக்கு மூன்று நிமிடம் ஒதுக்கினார்கள். அன்று காலை அவர் மாடிப்படி ஏறி அக்காவின் அறை வாசலுக்கே வந்துவிட்டார். உறுப்பினர்கள் அங்கே ஏறி வருவது வழக்கமே இல்லை.

"அம்மா, ஒரு உதவி."

"சொல்லுங்க டாக்டர்."

"எனக்குப் பேச வராது. உங்களுக்கே தெரியும். நான் பாட்டுக்கு எதையாவது உளறுவேன். நீங்க மேலேருந்து நல்லதா நாலு வார்த்தை போட்டு ஒப்பேத்திடுங்க. இவங்க காதுல விழப்போறது உங்க குரல்தானே."

அக்கா வளையல்களை முடிந்துகொண்டிருந்தார். முடிச்சு சரியாக விழவில்லை.

"அது தப்பு டாக்டர். நீங்க சொன்னதுதான் வரும். கூடவும் வராது, குறையவும் வராது."

"நீங்களும் நம்ம மலைதானே?"

"அதனாலதான் சொல்றேன். நான் ஒரு வார்த்தை கூடப் போட்டேன்னு தெரிஞ்சா, இனிமே நம்ம ஆளு யாரு பேசினாலும் இது அந்த அம்மா சொந்தச் சரக்குன்னு தள்ளிடுவாங்க."

மாட்டு டாக்டர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. படியில் இறங்கும்போது கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு இறங்கினார். அக்காவுக்கு அவரைத் திரும்பக் கூப்பிட வேண்டும் போல இருந்தது. கூப்பிட்டால் என்ன சொல்வது என்று தெரியாததால் விட்டுவிட்டார்.

அவருடைய முறை பிற்பகலில் வந்தது. பாதி உறுப்பினர்கள் சாப்பாட்டு மயக்கத்தில் இருந்தார்கள். எழுதிக்கொண்டு வந்த தாளை அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்தார், பார்த்தார், மறுபடி பையிலேயே வைத்துவிட்டார்.

"நான் மாட்டு டாக்டருங்க. எங்க தொகுதியில மனுஷங்களை விட மாடு அதிகம்னு நேத்து இங்க ஒருத்தர் சொன்னாரு. உண்மைதாங்க."

அக்காவின் குரலில் அது அப்படியே போனது. அவை சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை அவர் காத்திருந்தார்.

"போன மாசம் ஒரு பசு கன்னு போட முடியாமக் கிடந்தது. பிடிச்சுக்க ரெண்டு ஆளாவது வேணும். தெரு முழுக்கக் கதவைத் தட்டினேன். எல்லாம் பூட்டு. அந்தப் பசுவுக்குச் சொந்தக்கார அம்மாவும் நானும்தான். அவங்க பசு தலையைப் பிடிச்சுக்கிட்டே சொன்னாங்க, 'என் பிள்ளைங்க எல்லாம் நீங்க போய் உட்காருற ஊர்லதான் இருக்காங்க டாக்டர், பார்த்தா சொல்லுங்க'ன்னு. பசு பிழைக்கலைங்க. கன்னு பிழைச்சுது. அதனால..."

அக்கா 'அதனால்' என்றார்.

அதற்கு மேல் கீழேயிருந்து எதுவும் வரவில்லை. மாட்டு டாக்டர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு மட்டும் ஒருமுறை திறந்து மூடியது. பிறகு அண்ணாந்து கோடியில் இருந்த கண்ணாடி அறையைப் பார்த்தார்.

அக்காவுக்கு வாக்கியம் தயாராக இருந்தது. நாக்கு நுனியில் வந்து நின்றது. போனவர்களை எண்ணிவிட்டீர்கள், அந்த அம்மாளை யார் எண்ணுவது? இதைச் சொல்ல மூன்று விநாடி போதும். கீழே ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. அக்கா வாயை இறுக்கி மூடிக்கொண்டார். கால் விரல்கள் நாற்காலிக் கம்பியில் வலிக்க வலிக்கச் சுருண்டன.

அவையில் சலசலப்பு எழுந்தது. ஒருவர் ஹெட்போனைக் கழற்றித் தட்டிப் பார்த்தார். இன்னொருவர் ஒலியைக் கூட்டுகிற பொத்தானைத் திருகினார். தட்டுகிற சத்தம் வரிசை வரிசையாகப் பரவியது. தலைகள் எல்லாம் திரும்பி மேலே பார்த்தன. கோடி அறைக்காரி தூங்கிவிட்டாளா என்று ஒருவர் சத்தமாகவே கேட்டார். அவைத்தலைவர் கழுத்தை உயர்த்தினார்.

"மொழிபெயர்ப்பு வரவில்லை. மேலே என்ன கோளாறு?"

அக்கா அந்தக் கேள்வியை, தம் கடமைப்படி, தம் மொழியில் மாட்டு டாக்டரின் காதில் சொன்னார். குரல் பிசகவில்லை. அவர் அசையாமல் நின்றார். கன்னம் நனைந்திருந்தது மேலேயிருந்தே தெரிந்தது. அவைத்தலைவர் அதே கேள்வியை இன்னொரு முறை, இந்தத் தடவை அதட்டலாகக் கேட்டார். அந்த அறையிலிருந்து சொந்த வார்த்தை ஒன்றுகூடப் பேச அக்காவுக்கு உரிமை கிடையாது.

அக்கா ஹெட்போனைக் கழற்றாமல், வெறுங்காலோடு எழுந்து நின்று, கையை நேராக நீட்டிக் கீழே நிற்கிற மாட்டு டாக்டரைக் காட்டினார். அத்தனை தலைகளும் டாக்டர் பக்கம் திரும்பும்வரை அந்தக் கையை இறக்கவில்லை.