ஒரு சாண் கீழே

இலங்கை மலைநாட்டில், அம்பிட்டிய ஊருக்குக் கீழே ஓடைக்கரையில் குந்தியிருக்கிறேன். நிலத்தைப் பார்த்து மண் என்ன வகை என்று படிவத்தில் எழுதுவது என் வேலை. மேலே வெளுத்த மணல் தெரிகிறது. தோண்டச் சோம்பல்பட்டு 'மணல்' என்றே எழுதிவிட்டேன். மணல் என்றால் இந்தத் துண்டு நிலம் மரக்கறித் தோட்டத்துக்குக் கிடைக்காது.

நிலம் கேட்டிருக்கும் செல்லம்மா, முன்பு தேயிலைக் கொழுந்து பறித்தவர், எட்டிப் பார்க்கிறார். "என்னங்க எழுதுறீங்க? இது போன மழையில வந்த மணலுங்க. கீழ பாருங்க."

மம்பட்டியால் ஒரு சாண் வெட்டி, ஒரு பிடி மண் அள்ளி, போத்தல் தண்ணீர் விட்டு ரொட்டிக்குப் போலப் பிசைந்து நீட்டுகிறார். உருண்டை உதிரவில்லை. விரலில் தேய்க்கிறேன், நறநறப்பே இல்லை, கோதுமை மாவேதான். நான் படித்த புத்தகத்தில் இப்படிப்பட்ட மண்ணை, பனியாறு உருகி ஓடும் நீர் சமவெளியில் பரப்பிவிட்டுப் போகும். இங்கே அந்த வேலையை மலைமழை செய்திருக்கிறது.

'மணல்' என்பதை அடித்து, 'வண்டல்' என்று எழுதுகிறேன்.

"அப்ப போஞ்சி போடலாங்களா?"

"தாராளமா போடுங்க."

மடியை அவிழ்த்துக் காட்டுகிறார். ஈரத்துணியில் போஞ்சி விதைகள். எல்லாம் ஏற்கெனவே முளைவிட்டிருக்கின்றன.