பின் இருக்கையில் சாரதி

கண்ணாடிகளைத் துடைத்து முடித்தபின், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் சிவகலா அந்தக் காருக்குள் ஏறுவார். பார்க்க வருகிறவர்களுக்கும் அதே சட்டம். "உள்ளுக்குள்ளை வெல்வெட் எல்லோ, பார்த்து ஏறுங்கோ."

சுவிஸ் நகரான ஊஸ்டரில், பழைய கார்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் ஒரு தனியார் மண்டபத்துக்குத் துப்புரவு வேலைக்கு வந்தவர் அவர். உரிமையாளரான மூதாட்டி ஹூர்லிமானின் விரல்கள் மடங்க மறுத்தபின், நூறு வயது தாண்டிய 'டெட்ராய்ட் எலெக்ட்ரிக்' காரை ஓட்டும் பொறுப்பும் சிவகலாவிடம் வந்தது. அதில் ஸ்டியரிங் வளையம் இல்லை; திருப்புவதற்கு ஒரு நீண்ட தண்டு. சாரதிக்குப் பின் இருக்கை. முன்னால் இருப்பவர் சாரதியைப் பார்த்தபடி, தெருவுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும்.

"முதல்லை குதிரைவண்டி செய்த கொம்பனி," என்று தொடங்குவார். "அந்த நாளையிலை பெற்றோல் காரை முன்னுக்கு நிண்டு கம்பியாலை சுத்தித்தான் இயக்க வேணும். கை முறிஞ்சவை கனபேர். இதுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. டொக்டர்மாரும் பொம்பிளையளும் விரும்பி வாங்கிச்சினம். பெற்றோல் கார் செய்த ஃபோர்டின்ரை மனிசியே இதைத்தான் ஓடினவ!" இந்த இடத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிடும். பெற்றோல் காருக்கும் சுற்றாமலே இயக்கும் வசதி வந்தது, விற்பனை விழுந்தது, 1939இல் எல்லாம் முடிந்தது என்பதை மட்டும் உறவினர் சாவைச் சொல்வதுபோல் வேகமாகச் சொல்லி முடிப்பார்.

வீட்டுக் காரை அவர் தொடுவதில்லை. எப்போதோ தரிப்பிடத் தூணில் உரசியதிலிருந்து கணவர் இரவீந்திரனுக்கு ஒரே பேச்சு: "உனக்கு இடம் மட்டுக்கட்டத் தெரியாது." மண்டபத்துப் பக்கமே வராத அவரை, இந்த வசந்தத்தில் மண்டபத்தை எல்லோருக்கும் திறந்துவிட்ட நாளில் மூதாட்டி பிடித்து முன் இருக்கையில் ஏற்றிவிட்டார்.

வீதிக்கு வந்ததுமே இரவீந்திரன் தொடங்கிவிட்டார். "மெல்லப் போ! பஸ் வருது, பிறேக்கைப் பிடி!"

"அது பின்னாலை வாற பஸ். முன்னுக்கு இருக்கிறது எனக்குத்தான் தெரியும். பேசாமல் இருங்கோ."

ஏரிப்பக்கம் இறங்கும் வளைவில் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே பாய்ந்தார். சிவகலா தண்டை நழுவவிடவில்லை. மணியை அடித்தார், பிரேக்கை மிதித்தார். ஒரு சாண் இடைவெளியில் கார் நின்றது. இரவீந்திரன் கண்டதெல்லாம் மனைவியின் முகம்தான்.

"என்னப்பா?"

"சைக்கிள். போயிட்டுது."

கார் மீண்டும் நகர்ந்தபோது, இரவீந்திரன் யாரும் சொல்லாமலே இருக்கையின் ஓரத்துக்கு ஒதுங்கி, சிவகலாவுக்குத் தெரு தெரியும்படி தலையைச் சாய்த்துக்கொண்டார்.