யூலாலி வேனை நிறுத்திய இடம்

எங்கள் தீவின் ரோசோ துறைமுகத்தில் கப்பல் பயணிகளை ஏற்றிக்கொண்டு அருவிக்குப் போய்வரும் ஓட்டுநர்களில் யூலாலி துசான் ஒருத்திதான் பெண். பத்தொன்பது வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். நானும் அதே பாதையில் ஓட்டுகிறவன். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அடி வாங்கியவர்கள். அவளைப் பற்றிச் சொல்லலாமா என்று அவளிடமே கேட்டேன்.

"சொல்லிக்கோ. ஆனா ஒல்லியா இருந்தேன்னு சொல்லு" என்றாள்.

அவள் ஒல்லி கிடையாது. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். மற்றவர்களெல்லாம் வேனில் மைக் வைத்திருந்தோம், அவளுக்குத் தேவைப்படவில்லை. பாலத்தைத் தாண்டியதும் ஒரு ஜாதிக்காய் மரம் வரும். "எங்க ஊர்ல புருஷன் குறட்டை விட்டா இந்தக் காயை அரைச்சுப் பால்ல கலந்து குடிப்போம். அவன் இல்ல, நாங்க. அவன் குறட்டை நிக்கப்போறதில்ல, நாங்களாவது தூங்கலாம்ல?" என்பாள். வேன் குலுங்கும். பின்னால் வரும் என் வண்டியில் இருப்பவர்கள், முன்னால் என்ன அப்படிச் சிரிப்பு என்று என்னைக் கேட்பார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

பெல் ரிவ் பாலத்தின் வளைவில் அவள் வீடு. அவளும் தம்பி அம்ப்ரோஸும் மட்டும். அவளுக்கு ஒரு கல்யாணம் நடந்து மூன்று வருடத்தில் முடிந்துபோயிருந்தது. அம்ப்ரோஸ் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. படகு எஞ்சின்களைப் பழுது பார்ப்பான். அக்காவின் வேனையும் அவன்தான் பார்த்துக்கொண்டான். அவள் பேசுகிற அளவுக்கு அவன் பேசமாட்டான். "டேய், வாயைத் திறந்தா காத்து வெளிய போயிடுமா?" என்று அவனைச் சீண்டிக்கொண்டே இருப்பாள். அவன் ஸ்பானரோடு வேனுக்குக் கீழே போய்விடுவான்.

மரியா புயல் வந்தது செப்டம்பர் மாதம், ஒரு திங்கட்கிழமை. மத்தியானமே வானொலியில் சொல்லிவிட்டார்கள். அம்ப்ரோஸ் வேனை மேட்டுக் கோயிலுக்கு ஓட்டிப்போய், கோயில் சுவருக்கும் பள்ளிக்கூடச் சுவருக்கும் நடுவில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்துவிட்டு, மழையில் நடந்தே இறங்கி வந்தான். இருட்டியபின் கூரை போனது. இரண்டு பேரும் எதிர்வீட்டுக் கான்கிரீட் அறைக்கு ஓடினார்கள். அங்கே ஏற்கெனவே பதினான்கு பேர். குடிக்கத் தண்ணீர் இல்லை. வீட்டில் ஒரு கேன் நிரப்பி வைத்திருக்கிறேன், எடுத்து வந்துவிடுகிறேன் என்று அம்ப்ரோஸ் போனான். அந்த நேரம் பார்த்து ஆறு வந்தது. மரங்களும் பாறைகளுமாக வந்து வீட்டின் பின்பாதியை அப்படியே எடுத்துக்கொண்டு போனது. முன்சுவரும் நீலக் கதவும் மூன்று படிகளும் மட்டும் நின்றன.

மூன்றாம் நாள் ஆற்று முகத்துவாரத்தில் அவனைக் கண்டுபிடித்தோம். பெட்டி செய்யப் பலகை கிடைக்கவில்லை. என் வீட்டு அலமாரியைப் பிரித்து நான்தான் அடித்துக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே புதைத்தாகிவிட்டது. வேனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இலைகள் மட்டும் பசை போட்டு ஒட்டியதுபோல் அதன் மேல் ஒட்டியிருந்தன.

யூலாலி அழவில்லை. எங்கள் வீட்டு முன்னறையில், தார்ப்பாய்க் கூரைக்குக் கீழே தங்கவைத்தோம். நிவாரண வரிசையில் நிற்பாள். அரிசியும் மத்தி மீன் டப்பாவும் வாங்கி வருவாள். வந்து உட்கார்வாள். பேச்சு நின்றுபோயிருந்தது. ஒருநாள் கொதிக்கிற கோக்கோ நிரம்பிய தகரக் குவளையைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். என் மனைவி ஜசிந்தா ஓடிப்போய்ப் பிடுங்கினாள், உள்ளங்கை சிவந்திருந்தது.

"ஒரு தடவை வாய்விட்டு அழுதுடேன் யூலாலி."

"வரல ஜசிந்தா. வந்தா அழமாட்டேனா?"

சுற்றிலும் மலைகளில் ஒரு இலை இல்லை. மரங்கள் குச்சி குச்சியாக நின்றன. எதிர்மலையில் இத்தனை வீடுகள் இருப்பது அதுவரை எங்களுக்கே தெரியாது. கொஞ்ச நாளில் அடிமரத்திலிருந்தே பச்சை முளைக்கத் தொடங்கியது. கிளை இல்லாமல், மரத்துக்கு ரோமம் வளர்ந்ததுபோல் இருந்தது.

ஜனவரியில் ஓட்டுநர் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். முதல் கப்பல் வரும் சனிக்கிழமை வருகிறது. ஓடுகிற நிலையில் ஒன்பது வேன்கள்தான் இருந்தன. என் வண்டி மீது மாமரம் விழுந்து நசுங்கிவிட்டது. வண்டி இல்லாதவர்கள் வண்டி இருப்பவர்களுக்குத் துணையாகப் போவது என்று முடிவானது. செயலாளர் லாரோண்ட் எழுந்து நின்றார்.

"ஒண்ணு மட்டும் நினைவு வச்சுக்கங்க. செத்தவங்க பேச்சு எடுக்கக் கூடாது. இடிஞ்சதைக் கைகாட்டக் கூடாது. அவங்க லீவுல வர்றாங்க. நாம எழுந்துட்டோம்னு காட்டணும்."

"இடிஞ்சதைக் காட்டாம எதைக் காட்டுறது? கண்ணைக் கட்டிக் கூட்டிட்டுப் போறதா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். எல்லோரும் சிரித்தோம். யூலாலி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

சனிக்கிழமை காலை கப்பல் ஊதியது. நான்கு மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கடைக்காரப் பெண்கள் சிலர் அழுதார்கள். மெட்ராஸ் கட்டத்துணிப் பாவாடை கட்டிய பெண்கள் வரவேற்பு நடனம் ஆடினார்கள். பாதிப் பேருக்குப் பாவாடை இரவல். எங்கள் வேனில் பதினோரு பேர் ஏறினார்கள். நான் யூலாலி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஊரைத் தாண்டியதும் அவள் பேசத் தொடங்கினாள். அதே பெரிய குரல். பழைய யூலாலி திரும்பி வந்துவிட்டாள் என்று நினைத்தேன். இல்லை என்று பாலம் தாண்டுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

"இடப்பக்கம் பாருங்க, ஈரப்பலா மரங்க. ஒரு மரம் இருந்தா ஒரு குடும்பம் பட்டினி கிடக்காது" என்றாள். பதினோரு தலைகளும் இடப்பக்கம் திரும்பின. அங்கே செம்மண் சரிவு இருந்தது. "மேல பாருங்க. அந்தக் கிளையில காலைல சிசரூ கிளி வந்து உக்காரும்." மேலே வானம். நான் அவள் முழங்கையைத் தொட்டேன். அவள் நிறுத்தவில்லை. ஜாதிக்காய்க் கதையைச் சொன்னாள், குறட்டையைச் சொன்னாள், ஆட்கள் சிரிப்பதற்கு எப்போதும் விடுகிற இடைவெளியையும் விட்டாள். யாரும் சிரிக்கவில்லை. இடைவெளி முடிந்ததும் அடுத்ததுக்குப் போனாள். பாடம் ஒப்பிக்கிற பிள்ளைக்கு நடுவில் நிறுத்தத் தெரியாதில்லையா, அப்படி.

திரும்பி வரும்போது பெல் ரிவ் வளைவில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு அம்மாள் கத்தினாள்.

"ஐயோ, அந்த வீட்டைப் பாருங்களேன்! கதவு மட்டும் நிக்குது! கொஞ்சம் நிறுத்த முடியுமா?"

யூலாலி நிறுத்தினாள்.

எல்லோரும் இறங்கினார்கள். முன்சுவர், நீலக் கதவு, மூன்று படி. கதவுக்குப் பின்னால் நேராக ஆறு. சிவப்புத் தொப்பி அம்மாள் கணவரை இழுத்துக்கொண்டு போய் இரண்டாம் படியில் நின்றாள். போனை யூலாலியிடம் நீட்டினாள்.

"எங்க ரெண்டு பேரையும் ஒண்ணு எடுங்களேன்."

"கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி நில்லுங்க. கதவு மறையுது" என்றாள் யூலாலி. "ம், இப்ப சிரிங்க."

"பாவம், யாரு வீடோ?" என்று கேட்டார் கணவர்.

"பாலத்தடி வீடுன்னு சொல்வாங்க."

நான் வேனைவிட்டு இறங்கவே இல்லை. கப்பலடியில் அவர்களை இறக்கிவிட்டபிறகு, துறைமுக மதில் ஓரமாக அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"எதுக்குடா?"

"இது என் வீடுன்னு சொல்லவேண்டியதுதானே?"

"சொன்னா?"

"சொன்னா படம் எடுத்திருக்க மாட்டாங்க."

"எடுத்துட்டுப் போகட்டும். அவங்க எடுத்தா அது இன்னும் கொஞ்சம் இடிஞ்சிடுமா?"

"உனக்கு ஒண்ணுமே தோணலையா யூலாலி?"

அவள் யோசித்தாள். என்னைச் சமாளிப்பதற்காக இல்லை, நிஜமாகவே தேடிப் பார்த்தாள்.

"வெயில் எதிர்ல அடிச்சுது. படம் சரியா விழுந்திருக்குமான்னு தோணுச்சு" என்றாள்.

அடுத்த கப்பலில் யாரும் கேட்காமலேயே வளைவில் நிறுத்தினாள். அதற்கடுத்த கப்பலிலும் நிறுத்தினாள். இதைப் பார்த்து மற்ற வேன்காரர்களும் நிறுத்த ஆரம்பித்தார்கள். லாரோண்ட் சொன்னதெல்லாம் காற்றில் போனது. கப்பலில் இருந்து இறங்கும்போதே 'அந்தக் கதவு' எங்கே என்று கேட்கிறவர்கள் வந்துவிட்டார்கள். பிப்ரவரியில் ஒருநாள் நான்கு வேன்கள் வரிசையாக நின்றன. நாங்கள் கடைசி.

முன்னால் நின்றிருந்தவன் மார்வின். வடக்கிலிருந்து புதிதாக வந்து சேர்ந்தவன். படிக்கட்டில் ஏறி நின்றுகொண்டு கையை விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"இந்த வீட்டுல மட்டும் ஏழு பேர். குழந்தை குட்டியோட. கதவைத் திறக்க முடியாம உள்ளேயே..."

ஒரு பயணி வாயைப் பொத்திக்கொண்டாள். யூலாலி கூட்டத்துக்குள் நடந்து போனாள்.

"ஒருத்தர்" என்றாள்.

"என்னக்கா?"

"ஏழு இல்ல, ஒருத்தர்தான். நாப்பத்தேழு வயசு. பேரு அம்ப்ரோஸ். படகு எஞ்சின் ரிப்பேர் பண்ணுவான். கதவு திறந்துதான் இருந்துச்சு. தண்ணி எடுக்கப் போனான்."

குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. ஒரு வயதான பயணி மெதுவாகக் கேட்டார்: "உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"என் தம்பி. இந்த வேனை அவன்தான் மேட்டுல கொண்டுபோய் வச்சான். இல்லேன்னா நீங்க இன்னிக்கு நடந்துதான் வரணும்."

போன்களெல்லாம் கீழே இறங்கின. அந்த நேரத்திலும் எங்கேயோ ஒன்று 'கிளிக்' என்றது. "எல்லாரும் ஏறுங்க. கப்பல் யாருக்காகவும் நிக்காது" என்றாள் யூலாலி.

சாயங்காலம் மார்வின் ஒரு மூட்டை சேப்பங்கிழங்கைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றான்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. யாரோ சொன்னாங்க, நானும்..."

"கதை நல்லாத்தான் சொல்ற. எண்ணிக்கைதான் தப்பு" என்றாள். "உள்ள வந்து உக்காரு. கிழங்கைக் கீழ வை."

அதற்குப் பிறகு வேறு யாரும் அங்கே நிறுத்தவில்லை. அவள் மட்டும் நிறுத்தினாள். ஏன் என்று ஜசிந்தா கேட்டதற்கு, கால் பழகிவிட்டது என்றாள்.

தவக்காலம் தொடங்கிய வாரத்தில் ஆற்றை அகலப்படுத்த இயந்திரங்கள் வந்தன. கரையோரத்தில் மிச்சமிருக்கும் சுவர்களை எடுக்க வேண்டும் என்று ஒரு அதிகாரி காகிதம் கொண்டுவந்தார். யூலாலி படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள். கப்பல் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, அவளோடு நானும் போனேன். இயந்திரம் ஓட்டுகிறவர் இறங்கி வந்து தொப்பியைக் கழற்றினார்.

"கதவை வேணா தனியா கழட்டித் தரட்டுமாம்மா? நல்ல மரம்."

"மாட்ட சுவர் இல்லையே" என்றாள்.

சுவர் ஒரே தள்ளில் போனது. கதவு குப்புற விழுந்தது. படிகள்தான் கொஞ்சம் முரண்டு பிடித்தன. எல்லாம் முடியப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். இப்போது அழுவாள், இப்போது அழுவாள் என்று நான் அவளைத் தாங்கிப் பிடிக்கத் தயாராக நின்றுகொண்டிருந்தேன். எனக்குத்தான் கண் கலங்கியது. அவள் லாரியில் கல் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கத்பர்ட்" என்று என்னைக் கூப்பிட்டாள். "பசிக்குது."

சாலையோரக் கடையில் உப்பு மீனும் பொரித்த ரொட்டியும் சாப்பிட்டோம். அவள் நான்கு ரொட்டி சாப்பிட்டாள். மிளகாய்ச் சட்னி இன்னும் கொஞ்சம் கேட்டாள். மீனில் உப்பு தூக்கல் என்று கடைக்காரியிடம் சண்டைக்குப் போனாள். நான் என் தட்டிலிருந்த மீனையும் அவள் பக்கம் தள்ளினேன்.

வியாழக்கிழமை வந்த கப்பலில் இறங்கியவர்களோடு போகும்போது வளைவில் வேன் நின்றது. சரளைக்கல் நிரவிய வெற்றிடம். ஆட்கள் ஜன்னல் வழியே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்கள். இங்கே என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். யூலாலி பிரேக்கில் வைத்த காலை எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு, "ஒண்ணும் இல்ல, பின்னால வண்டி வருதான்னு பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு ஓட்டினாள். அந்த இடத்தில் அவள் நிறுத்தியது அதுதான் கடைசி.

அந்த வருடக் கடைசியில் மேட்டில், கோயிலுக்குப் பின்னால் அவளுக்கு இரண்டு அறை வீடு ஒன்று கிடைத்தது. இப்போது கப்பல்கள் முன்னைப்போல் வருகின்றன. சில நாள் இரண்டு கப்பல்கள் ஒன்றாக நிற்கின்றன. நானும் வேறு வண்டி வாங்கிவிட்டேன். யூலாலியும் ஓட்டுகிறாள், பேசுகிறாள், ஆட்கள் சிரிக்கிறார்கள். முன்பு மாதிரியா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒவ்வொரு செப்டம்பரும் அம்ப்ரோஸ் பேரில் பூசை வைக்கிறோம். போன தடவை ஜசிந்தா தேம்பித் தேம்பி அழுதாள். யூலாலி தன் கைக்குட்டையை எடுத்து அவளிடம் கொடுத்து முதுகைத் தடவிவிட்டாள்.

"உனக்கு இன்னும் அழுகை வரலையா?" என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"இல்லடா" என்றாள். "அடுத்த மாசம் கப்பல் சீசன் ஆரம்பிக்குது. வண்டில பிரேக் கத்துது. யாருகிட்ட காட்டுறதுன்னு பார்க்கணும்."

சாவியை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் வண்டி நின்ற பக்கம் போனாள்.