பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிழை

சலவைக்கடை ஒகிஹாரா மிட்சுயோவுக்கு வாய் கொஞ்சம் நீளம். அமகசாகி நகரத்தின் அந்தப் பழைய கடைத்தெருவில் இதை மறுத்துச் சொல்ல ஒருவரும் கிடையாது. சட்டை வாங்க வந்தவர் சட்டையோடு நாலு வீட்டுச் செய்தியையும் வாங்கிக்கொண்டுதான் வெளியே போக முடியும். அவள் கணவர் ஷிகேயோ உள்ளே இஸ்திரி போடுகிறவர். கல்யாணமான நாளிலிருந்து பேச இடம் கிடைக்காததால் பேசாமலே பழகிவிட்டவர்.

அப்படிப்பட்டவளிடம் போய் ரகசியத்தை ஒப்படைத்தது அரசாங்கம். தப்புத்தண்டாவில் மாட்டிய பிள்ளையை, சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம், ஊருக்குள்ளேயே இருந்து திருந்தட்டும் என்று நீதிபதி விட்டுவிட்டால், அந்தப் பிள்ளையை மாதம் இரண்டு முறை தன் வீட்டுக்கு வரவழைத்து உட்காரவைத்துப் பேச ஊர்க்காரர் ஒருவர் வேண்டும். ஹோகோஷி என்று அவருக்குப் பெயர். சம்பளம் கிடையாது, தலைவலி உண்டு. இருபது வருஷத்துக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்த அரிசிக்கடைக்காரர் விலகும்போது மிட்சுயோவைத் தேடி வந்தார். வருகிற பிள்ளைகள் வாயே திறப்பதில்லை, உனக்கோ மூடத் தெரியாது, பொருத்தமாக இருக்கும் என்றார். அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டு அவளும் தலையாட்டிவிட்டாள்.

ஊர்க்கதை எல்லாம் பேசுகிற அந்த வாய், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கல்லாகிவிட்டது. பிள்ளைகள் பின்சந்து வழியாக வருவார்கள், பின்சந்து வழியாகவே போவார்கள். வெளியே எங்கே பார்த்தாலும் அவர்கள் முதலில் தலையசைத்தால் ஒழிய ஹோகோஷி கண்டுகொள்ளக் கூடாது. அவளிடம் வந்துபோன ஒருவன் லாரி ஓட்டுநராகி அவள் கடை வாசலிலேயே சரக்கு இறக்கினான். கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. ஆனால் வானத்தைப் பார்த்துக்கொண்டு, இன்றைக்கு வெயில் அதிகம் என்று மட்டும் பொதுவாகச் சொன்னாள். அவனும் ஆமாம் என்றான். உள்ளே வந்து ஷிகேயோவிடம் அரை மணி நேரம் அழுதாள்.

போன இலையுதிர் காலத்தில் வினை ஆரம்பித்தது. இருபது வருஷம் சேவை செய்ததற்காக வட்டார அலுவலகத்தில் அவளுக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். கிமோனோ கட்டிக்கொண்டு பத்திரத்தோடு நிற்கிற அவள் படம் வட்டாரச் செய்தித்தாளில் வந்தது. கடைக்காரர் சங்கம் அதை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டியது. அதுவரை தெருவில் பாதிப் பேருக்கு அவள் ஹோகோஷி என்பதே தெரியாது. அதற்குப் பிறகு பால்காரர் வரை எல்லோரும் மரியாதையாக 'டீச்சர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மிட்சுயோவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஷிகேயோ மட்டும் படத்தைப் பார்த்துவிட்டு, கிமோனோவை இஸ்திரி போட்டது யாரென்று எங்கேயும் போடவில்லையே என்றார்.

அந்தச் சமயத்தில் அவளிடம் வந்துகொண்டிருந்தவள் குருமி. பதினேழு வயது. அம்மா மதுக்கடையில் இரவு வேலை பார்ப்பவள். உங்கள் மகன் விபத்து செய்துவிட்டான், உடனே பணம் வேண்டும் என்று தொலைபேசியில் முதியவர்களை ஏமாற்றுகிற கும்பல் ஒன்று உண்டு. அந்தக் கும்பலுக்காக வீடு வீடாகப் போய்ப் பணத்தை வாங்கி வந்தவள் இவள். மூன்றாவது வீட்டில் போலீஸ் காத்திருந்தது. ஒழுங்காக ஒரு வேலையில் இருக்க வேண்டும், ஹோகோஷியைத் தவறாமல் பார்க்க வேண்டும், மீறினால் சீர்திருத்தப் பள்ளி என்று சொல்லி நீதிபதி விட்டிருந்தார்.

முதல் சில மாதங்கள் மிட்சுயோ பேசிக்கொண்டே இருப்பாள், குருமி ஆரஞ்சுப் பழங்களாக உரித்துத் தின்றுகொண்டே இருப்பாள். ஒரு நாள் உரிப்பதை நிறுத்திவிட்டு, தானாகவே சொன்னாள்.

"ரெண்டாவது வீட்டுத் தாத்தா, குளிருல நிக்க வச்சிட்டேனேன்னு சொல்லி எனக்கு டீ குடுத்தாரு பெரியம்மா. அதைக் குடிச்சிட்டுத்தான் அவரு பணத்தை வாங்கிட்டு வந்தேன்."

மிட்சுயோ எழுந்து போய் இன்னும் கொஞ்சம் பழம் கொண்டுவந்து வைத்தாள். அன்றிலிருந்து அந்தப் பெண் மேல் அவளுக்கு உயிர்.

தெருக்கோடியில் குரமோச்சியின் பொரியல்கடை இருக்கிறது. உருளைக்கிழங்கை மசித்து, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்த கொரோக்கேக்கு அங்கே எப்போதும் வரிசை நிற்கும். குரமோச்சிக்குக் கோபம் மூக்கின்மேல். அவருக்குப் பிடித்த பேஸ்பால் அணி தோற்ற மறுநாள் அவர் கடையில் மீதிச் சில்லறை கேட்கக்கூட ஆட்கள் பயப்படுவார்கள். அந்தக் கடைக் கண்ணாடியில் 'ஆள் தேவை' என்று எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்து, குருமி தானே உள்ளே போய்த் தானே வேலை கேட்டு வாங்கிவிட்டாள். தன் கதை முதலாளிக்குத் தெரிய வேண்டாம், தெரியாமலே ஒரு இடத்தில் நல்லபேர் வாங்கிப் பார்க்கிறேன் என்று மிட்சுயோவிடம் கேட்டுக்கொண்டாள். அது அவளுடைய உரிமை. மிட்சுயோவும் வாயே திறப்பதில்லை என்று சத்தியம் செய்தாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஒரு மாலை மிட்சுயோ துணி கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது, குருமி வெள்ளைத் தொப்பியும் மேலங்கியுமாக, எண்ணெய்ச் சட்டிக்கு முன் நின்று, நடுங்காமல் நிதானமாக ஒவ்வொன்றாக எடுத்து வடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்து ஒரு வாடிக்கையாளரிடம் சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்பை மிட்சுயோ அதற்குமுன் பார்த்ததே இல்லை. இருபது வருஷக் கட்டுப்பாடு போன இடம் தெரியவில்லை.

"குருமி! அந்தத் தொப்பி உனக்கு எவ்வளவு எடுப்பா இருக்கு தெரியுமா!"

வரிசை மொத்தமும் திரும்பியது. முதலில் பலகையில் படம் போட்ட டீச்சரைப் பார்த்தது, பிறகு தொப்பி போட்ட பெண்ணைப் பார்த்தது. டீச்சருக்குத் தெரிந்த பெண் என்றால் யாராக இருக்கும் என்று எல்லோரும் கணக்குப் போட்டுவிட்டார்கள். முன்னால் நின்ற ஒரு பாட்டி மெதுவாக, அந்த டீச்சரை உனக்குத் தெரியுமா என்று குருமியைக் கேட்டாள். குருமியின் முகத்தில் ரத்தமே இல்லை.

"தெரியாது," என்றாள்.

மிட்சுயோ அப்படியே வீட்டுக்கு நடந்து வந்துவிட்டாள். அன்று இரவு அவள் வீட்டில் நிலவிய அமைதி ஷிகேயோவுக்கே பயமாக இருந்தது.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அந்தப் பெண் கடையில் திருடியவள் என்றார் மீன்காரர். இல்லை, பள்ளிக்கூடத்துக்குத் தீ வைத்தவள் என்றாள் பூக்காரி. ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது என்பதால் எல்லோரும் தாராளமாகப் பேசினார்கள். குரமோச்சி அவளை முன்னால் நிற்க வேண்டாம் என்று உள்ளே கிழங்கு உரிக்க அனுப்பினார். இரண்டு நாள் உரித்தாள். பிறகு வேலைக்கு வரவில்லை. மிட்சுயோ வீட்டுக்கு வர வேண்டிய நாளிலும் வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை.

வேலையும் இல்லை, சந்திப்பும் இல்லை. இரண்டு நிபந்தனையும் ஒரே நேரத்தில் மீறப்பட்டதாக நன்னடத்தை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டியவளும் மிட்சுயோதான். சொன்னால் பெண் சீர்திருத்தப் பள்ளிக்குப் போவாள். குழியைத் தோண்டிவிட்டு, விழுந்தவளைப் பற்றிப் புகாரும் கொடுக்கிற நிலைமை.

இந்த நேரத்தில் குரமோச்சி சலவைக்கடைக்கு வந்தார். வந்தவர் அவள் முகத்தைப் பார்க்காமல் தொங்குகிற கோட்டுகளைப் பார்த்துக்கொண்டு, அந்தப் பெண் உங்கள் பொறுப்பில் இருப்பவளா என்று கேட்டார். மிட்சுயோ பதில் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.

"எங்கடைக்கு வர்றவங்க எல்லாம் வயசானவங்க டீச்சர். அவங்க கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"வேலை எப்படிச் செய்றான்னு சொல்லுங்க."

"வேலை நல்லாத்தான் செய்றா," என்றார் அவர் எரிச்சலோடு. "அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

அவர் போனதும் மிட்சுயோ கடையை ஷிகேயோவிடம் விட்டுவிட்டு குருமியின் வீட்டுக்குக் கிளம்பினாள். ரயில் பாதைக்கு அப்பால் இரண்டு மாடிக் குடியிருப்பு. அம்மாக்காரி தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறந்து, உள்ளே கைகாட்டிவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டாள். குருமி சமையலறை மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மிட்சுயோ செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தாள். தன் வாயால்தான் இத்தனையும், உன் மேல் ஒரு தப்பும் இல்லை, என்மேல் கோபம் இருந்தால் திட்டு, ஆனால் வேலையை விட்டுவிடாதே என்று மூச்சுவிடாமல் சொன்னாள். கோபத்தில்தான் அவள் வராமல் இருக்கிறாள் என்று அத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"எந்திரிங்க பெரியம்மா," என்றாள் குருமி. "நீங்க கூப்பிட்டதுக்கா வராம இருக்கேன்? தெரியாதுன்னு சொன்னேனே, அதுக்கப்புறம் உங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

மிட்சுயோ எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை. மூலையிலிருந்து எழுந்து வந்து குருமிதான் அவளைத் தூக்கி உட்காரவைத்தாள்.

இருவரும் வெகுநேரம் பேசினார்கள். பேசினது பெரும்பாலும் குருமிதான் என்பதை இந்த ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். கடைசியில், முதலாளியிடம் நானே போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், அவர் போ என்றால் போகிறேன் என்றாள். மிட்சுயோ உடனே நானும் வருகிறேன் என்று எழுந்தாள்.

"நீங்க வராதீங்க. நீங்க கூட நின்னா நீங்க சொல்லச் சொன்ன மாதிரி ஆயிரும்."

குருமி பொரியல்கடைக்குப் போன அதே மாலையில் மிட்சுயோ நன்னடத்தை அதிகாரி ஹயமிசுவுக்குத் தொலைபேசி செய்தாள். இளம் வயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். அந்தப் பெண் இரண்டு முறை வரவில்லை, காரணம் நான், வெளியில் வைத்து அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று ஒளிக்காமல் சொன்னாள். உடம்புக்கு முடியவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் டீ குடித்துவிட்டுப் பணம் வாங்கினேன் என்று தானாக ஒப்புக்கொண்ட பெண்ணுக்கு ஹோகோஷியாக இருந்துகொண்டு அவளால் அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை.

ஹயமிசு, அப்படியானால் வராததைப் பெண்ணின் மீறலாக எடுக்க வேண்டியதில்லை என்றார். ஆனால் ரகசியம் உடைந்த இடத்தில் அதே ஹோகோஷி தொடர முடியாது, வேறு வட்டாரத்தில் வேறு ஒருவரிடம் அவளை மாற்ற வேண்டியிருக்கும் என்றார்.

"மாத்துங்க," என்றாள் மிட்சுயோ. "ஆனா புதுசா பொறுப்பெடுக்கிறவங்ககிட்ட மட்டும் சொல்லி வைங்க, இவ வாய் திறக்க நாளாகும், அவசரப்படுத்த வேணாம்னு."

தொலைபேசியை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவளை ஷிகேயோ வந்து எட்டிப் பார்த்தார். அவள் மடித்து வைக்க வேண்டிய துணிகளையும் தானே எடுத்துக்கொண்டு போனார்.

பிறகு ஹயமிசு சொல்லித்தான் தெரிந்தது. மாற்றும் விஷயத்தைக் குருமியிடம் சொன்னபோது, அவள் தலையைக் குனிந்துகொண்டே, இது யாருக்குத் தண்டனை, எனக்கா அவங்களுக்கா என்று கேட்டாளாம். குருமி போய்ச் சொன்னதற்குக் குரமோச்சி என்ன சொன்னார் என்பது மிட்சுயோவுக்குத் தெரியவில்லை. கேட்கிற உரிமை இனி அவளுக்கு இல்லை. தெருக்கோடிப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போனாள். சட்டை வாங்க வந்தவர்கள் சட்டையோடு மட்டும் திரும்பிப் போனார்கள். டீச்சருக்கு உடம்பு சரியில்லையோ என்று தெருவே கவலைப்பட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல வெளிச்சத்தில், கடையின் கண்ணாடிக் கதவு திறந்தது. எண்ணெய் நாற்றம் முதலில் வந்தது. பின்னாலேயே ஒரு பெரிய மூட்டை வந்தது. மூட்டைக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பியோடு குருமி. மிட்சுயோ பழக்கதோஷத்தில் சட்டென்று கூரையைப் பார்த்தாள்.

"கடை மேலங்கி எல்லாம் வெளுக்கணுமாம்," என்றாள் குருமி மூட்டையை மேசைமேல் வைத்தபடி.

குரமோச்சி துணி போடுவது ரயில்நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில். முப்பது வருஷமாக அங்கேதான். மலிவு என்று பெருமை வேறு பேசுவார். மிட்சுயோ மூட்டையை அவிழ்த்தாள்.

"உங்க முதலாளி அந்தக் கடையிலதானே போடுவாரு?"

"இனிமே இங்கதானாம். வாராவாரம் செவ்வாக்கிழமை நானே கொண்டாரணுமாம். அவசரமா திரும்பி வர வேணாம், எண்ணிக் குடுத்துட்டு நின்னு பேசிட்டு வான்னாரு."

மிட்சுயோ ஒரு மேலங்கியை எடுத்து விரித்தாள். அதில் கறையே இல்லை. அடுத்ததை எடுத்தாள். அதுவும் புதிதாகத் துவைத்தது. மூட்டையில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருந்தது. அவள் அதை முகத்தில் பொத்திக்கொண்டு, தெருவில் நாலு பேர் பார்க்க, வாய்விட்டு அழுதாள்.