பாத்தி கலந்த நெல்

மிக்கேல்ராஜ் என்ற பெயரை நான் முதலில் கேட்டது, என் அண்ணன் மகள் எல்சிக்கு வரன் பார்த்த வருஷம். மாப்பிள்ளை டாக்டர் என்று தரகர் சொன்னதும் அண்ணனுக்கு வாயெல்லாம் பல். "நெல்லுக்கு டாக்டருங்க, பல்கலைக்கழகத்துல" என்று தரகர் அப்புறம்தான் இழுத்தார். "அப்ப நாடி பாக்க வயலுக்குத்தான் போவணும்" என்றாள் அண்ணி.

கல்யாணமும் ஆயிற்று. நீடாமங்கலத்துக்குத் தெற்கே மாப்பிள்ளை வீட்டுக்கு, எங்களுடையதைப் போலவே பள்ளமான வயல். ஐப்பசி மழைத் தண்ணீர் வடியாது. சம்பா மூழ்கி அழுகும். மிக்கேல்ராஜின் அம்மா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கறுத்த கதிரை அரித்தெடுத்து, வறுத்துக் குத்திக் கஞ்சி வைத்தவள். அந்த வீச்சக் கஞ்சியைக் குடித்து வளர்ந்த பிள்ளை, மூழ்கினாலும் சாகாத நெல் ஒன்றைக் கொண்டுவராமல் விடுவதில்லை என்று கிளம்பிவிட்டார். பூ விரியும் முன்னே நாற்றுப் பறிப்பவர்போலக் குந்தி உட்கார்ந்து, சின்னக் கத்தரியால் பூவின் நுனியை நறுக்கி, வேறொரு நெல்லின் மகரந்தத்தை அதில் தட்டி, காகிதப் பை மாட்டுவார். வருஷக்கணக்காக இதே வேலை.

ஒரு நெல் தேறியது. கடைசியாக ஒரு சோதனை பாக்கி. விவசாயி வயலில் பழைய ரகத்தையும் புதியதையும் பாத்தி பாத்தியாக நட்டு, தனித்தனியே அறுத்து எடைபோட்டுக் காட்டினால்தான் விதையை வெளியிடுவார்களாம். தன் வீட்டுப் பள்ளத்திலேயே நட்டார். பாத்திக்கொரு அடையாளக் குச்சி. மழை வந்து வயலை முழுங்கியது. பழைய நெல் அழுகிச் சாய்ந்தது. அவருடைய நெல் நிமிர்ந்து கதிர் விட்டது. வரப்பில் நின்று என் கண்ணால் பார்த்தேன்.

அந்தத் தையில் அவருடைய அண்ணன் சவரிமுத்து குவைத்திலிருந்து லீவில் வந்தார். நிலத்தை வீட்டு மனைக்கு விலை பேசியாயிற்று. அவர் குவைத் திரும்புவதற்குள் பள்ளத்தில் மண் அடிக்க வேண்டும். "வெள்ளிக்கிழமை நானே வந்து அறுக்குறேன், அதுவரைக்கும் கைவைக்காதீங்கண்ணே" என்று சொல்லிவிட்டு மிக்கேல்ராஜ் கூட்டத்துக்குக் கோயம்புத்தூர் போனார். வியாழக்கிழமையே அறுப்பு மெஷினை இறக்கிவிட்டார் சவரிமுத்து.

மறுநாள் தம்பியைக் கண்டதும் அவருக்கு ஒரே பெருமை. "வாடா! உனக்கு வேலையே வைக்கல. ஒரு மணி சிந்தாம மூட்டை புடிச்சாச்சு. மெஷின்ல மாட்டும்னு குச்சியெல்லாம் புடுங்கிக் கட்டி வெச்சிருக்கேன், எடுத்துக்க."

மிக்கேல்ராஜ் ஒரு மூட்டையை அவிழ்த்துக் கைவிட்டு அள்ளினார். "எது எந்தப் பாத்திண்ணே?"

"நெல்லுல என்னடா பாத்தி? அரைச்சா எல்லாம் சோறுதான்."

எனக்குப் பொறுக்கவில்லை. சவரிமுத்துவிடம் கேட்டேன்: "ஏன் தம்பி, அவரு சொல்லிட்டுத்தானே போனாரு?"

"பிளேனு எனக்காவ நிக்குமா அத்தே?"

"அந்த நெல்லு தண்ணிக்குள்ள அத்தன நாளு நின்னுச்சே! ஒனக்கு ஒரு நாளு நிக்க முடியலயா?"

மிக்கேல்ராஜ் என்னைப் பார்த்து, "விடுங்க அத்தே" என்றார். குச்சிக் கட்டை எடுத்துக்கொண்டு நடந்தார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்னொரு வருஷம் கேட்டு மேலதிகாரியிடம் போனார். "திட்டம் முடிஞ்சுபோச்சுங்க. கடைக்குக் கடை கம்பெனி விதை வருது. இத யாரு கேக்குறா?" என்றாராம் அந்த ஆள். யார் கேட்கிறார்களாம்! அழுகின கதிரைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நாங்கள் கேட்டோம். எங்களிடம் வந்து கேட்டவன் எவன்?

வயல் இருந்த இடத்தில் செம்மண் மேடு. பல்கலைக்கழக வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தார். மிக்கேல்ராஜ் இப்போது ஹைதராபாத்தில் ஒரு விதைக் கம்பெனியில் மக்காச்சோளம் பார்க்கிறார்.